ஒரு பானைச் சோறும் மொன்ட்ரியால்-நோர் கணக்கும்



சில கிழமைகளுக்கு முன் எமது ஞாயிறு மாலை நிகழ்ச்சி முடிந்து, நான் கலையகக் கதவைப் பூட்டப் போகும் நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மொன்ட்ரியால்-நோரில் மகளுடன் வசிக்கும், எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா பேசினார்.

"தம்பி, அரசாங்கத்திட்ட இருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. என்ர சுகத்தைப் பற்றிக் கேள்வி கேக்கப் போயினமாம். நான் என்ன சாப்பிடுறன், வீட்டில எத்தனை பேர் இருக்கிறம், தடுப்பூசி போட்டனானோ எண்டெல்லாம் இவைக்கு ஏன்? கிழிச்சுப் போடட்டோ?"

"அம்மா, கிழிக்க வேண்டாம். இரண்டு கிழமை பொறுங்கோ. வானொலியிலேயே விளக்கமாகச் சொல்லுறன்" என்றேன். அப்படிச் சொன்ன பேச்சின் எழுத்து வடிவம்தான் இது. நேயர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, சில விடயங்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஆனால் இந்த விடயத்தில் பாதி வைத்தியம் என்றால் மீதிப் பாதி கணக்கு. அந்தப் பாதியை நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு சோறு எப்போது பதம்?

கணக்காய்வு செய்யும்போது ஒரு நிறுவனத்தின் பத்தாயிரம் பற்றுச்சீட்டுகளையும் நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. நூறு, இருநூறு சீட்டுகளை எடுத்துப் பார்க்கிறோம். அவை சரியாக இருந்தால் மற்றவையும் ஏறக்குறைய சரி என்று முடிவு செய்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எந்தச் சீட்டுகளைப் பார்ப்பது என்பதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். முதலாளி தானாக எடுத்துத் தரும் நூறு சீட்டுகளை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்தால் அது கணக்காய்வு அல்ல.

சனங்களின் சுகாதாரத்தைக் கணக்கெடுப்பதும் இதே முறைதான். எல்லோரையும் கேட்பது குடிசன மதிப்பீடு. கனடாவில் அது ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும். சிலரைத் தெரிவு செய்து விரிவாகக் கேட்பது மாதிரிக் கணக்கெடுப்பு. யாரைக் கேட்பது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல, ஒருவரின் விருப்பு வெறுப்புக்கு இடம் கொடாமல் தெரிவு செய்வார்கள். இதை எழுமாற்றுத் தெரிவு என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். இப்படி ஆயிரம் பேரைக் கேட்டால், கிடைக்கும் விடை பொதுவாக மூன்று சதவீதம் கூடவோ குறையவோ இருக்கும். ஊரில் ஒரு இலட்சம் பேர் இருந்தாலும் ஒரு கோடிப் பேர் இருந்தாலும் இந்த மூன்று சதவீதம் பெரிதாக மாறாது. பலருக்கு இது நம்ப முடியாத விடயம். ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்ன எங்கள் ஆச்சிமாருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சின்னப் பானையோ கலியாணவீட்டுக் கிடாரமோ, பதம் பார்க்க எடுப்பது சில பருக்கைதான்.

ஆச்சிமார் இன்னொன்றும் செய்வார்கள். அகப்பையால் ஒருமுறை கிண்டிவிட்டுத்தான் பருக்கையை எடுப்பார்கள். மேலே இருப்பது வேகாமல் இருக்கும்போது அடியில் இருப்பது கரிந்துகொண்டிருக்கலாம். கிண்டாமல் மேலே மட்டும் எடுத்தால் பழமொழி பொய்த்துவிடும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கிண்டலைப் பற்றியதுதான்.

2020: மூன்று கணக்குப் புத்தகங்கள்

எமது கண் முன்னே நடந்த உதாரணத்துக்கு வருவோம். 2020 இளவேனிலில் கொரோனா வந்தபோது, மொன்ட்ரியால் நகரப் பிரிவுகளிலேயே அதிகமான தொற்று மொன்ட்ரியால்-நோரில் பதிவானது. சுமார் 84,000 சனங்கள், பதினொரு சதுரக் கிலோமீற்றர் இடம். ஹெயிட்டி, மக்ரெப், இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள், அவர்களுக்கு இடையில் எங்கள் குடும்பங்கள் சில. முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை, தொழிற்சாலை, களஞ்சியசாலை, துப்புரவு வேலை என்று வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகளுக்குப் பேருந்தில் போய்வருபவர்கள் நிறைந்த இடம். மே மாதத்தில் நகரப் பேருந்துகளையே நடமாடும் பரிசோதனை நிலையங்களாக மாற்றி அனுப்பினார்கள். ஹூட்ஸ்டொக் போன்ற உள்ளூர் அமைப்புகள் முகக்கவசங்களைக் கொண்டு வீடு வீடாக உதவின.

தொற்று எவ்வளவு என்பதைச் சொல்ல அப்போது இருந்த முதலாவது புத்தகம், பரிசோதனையில் உறுதியானவர்களின் பட்டியல். ஒரு கணக்காளனாக நான் சொல்வேன், அது ஒரு காசேட்டைப் போன்றது. கல்லாவுக்கு வந்த காசை மட்டும் எழுதும், கடன் கொடுத்ததை எழுதாது. பரிசோதனைக்குப் போனவர்கள்தான் அதில் வருவார்கள். அறிகுறி இல்லாதவர், வேலையை விட்டு வரிசையில் நிற்க முடியாதவர், மருத்துவ அட்டை இல்லாத காரணத்தால் பயந்தவர், எங்கே போவது என்று பிரெஞ்சில் கேட்கத் தெரியாதவர், இவர்கள் ஒருவரும் அதில் இல்லை.

இரண்டாவது புத்தகத்தை ஏமா-கியூபெக் திறந்தது. இரத்த தானத்தை நடத்தும் நிறுவனம் இது. 2020 மே 25 முதல் ஜூலை 9 வரை இரத்தம் கொடுத்த 7,691 பேரின் இரத்தத்தில் பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு கிருமி உடலுக்குள் வந்து போனால், உடல் அதை எதிர்த்து உருவாக்கும் பொருள்தான் பிறபொருளெதிரி. காய்ச்சல் வராவிட்டாலும் இரத்தம் அந்தச் சுவட்டை வைத்திருக்கும். விடை: கியூபெக் முழுவதற்கும் 2.23 சதவீதம். மொன்ட்ரியாலும் லவாலும் சேர்ந்த பகுதிக்கு 3.05 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரிந்தாலும், ஆட்தொகையாகப் பெருக்கிப் பார்த்தால் அதுவரை பரிசோதனையில் பதிவான தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

ஆனால் இரத்தம் கொடுப்பவர் யார்? சுகதேகியாக இருப்பவர், நேரம் உள்ளவர், இந்த நாட்டின் பழக்கவழக்கங்களுக்குள் வந்துவிட்டவர். எங்கள் சனத்தில் எத்தனை பேர் போய்க் கொடுக்கிறோம்? ஆகவே இந்தப் புத்தகமும் பானையின் மேற்பகுதியைத்தான் கூடுதலாகப் பார்த்தது.

மூன்றாவது புத்தகம் எங்கள் வாசலுக்கே வந்தது. மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கேட் சின்சர் தலைமையில் நடந்த 'என்கோர்' என்னும் ஆய்வு இது. 2 முதல் 17 வயதுவரையான பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்பதைக் கண்டறிவதே நோக்கம். இதற்கு நான்கு பகுதிகளைத் தெரிவு செய்தார்கள். மொன்ட்ரியால்-நோர், மேர்சியே-ஒஷலாகா-மெசனேவ், பிளாட்டோ, மேற்குத் தீவு. வசதியில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இடங்கள். அதாவது பானையைக் கிண்டத் தொடங்கினார்கள்.

முறை எளிமையானது. பிள்ளைகள் காப்பகமும் பாடசாலையும் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பும். சம்மதித்த பெற்றோர் வீட்டிலேயே பிள்ளையின் விரல் நுனியில் குத்தி, சில துளி இரத்தத்தை ஒரு தடித்த தாளில் ஒற்றிக் காயவிட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். கூடவே ஒரு கேள்விக்கொத்தை நிரப்ப வேண்டும். 2020 ஒக்ரோபர் முதல் 2021 மார்ச் வரை நடந்த முதற் சுற்றில் 30 காப்பகங்கள், 22 ஆரம்பப் பாடசாலைகள், 11 உயர் பாடசாலைகளிலிருந்து 1,632 பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

கண்டது என்ன? 5.8 சதவீதமான பிள்ளைகளுக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஆய்வாளர்கள் இதைத் தனி எண்ணாகச் சொல்லாமல், 4.6 இலிருந்து 7.0 வரைக்குள் இருக்கலாம் என்று இடைவெளியோடு சொன்னார்கள். நேர்மையான கணக்கெடுப்பின் அடையாளம் அதுதான். இடைவெளி சொல்லாமல் ஒரே எண்ணை அடித்துச் சொல்பவரைச் சற்றுச் சந்தேகத்துடன் பாருங்கள். சுற்றின் தொடக்கத்தில் 3.2 சதவீதமாக இருந்தது முடிவில் 8.4 ஆக உயர்ந்திருந்தது. தொற்று வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் பரிசோதனைக்கே போகவில்லை, அல்லது போனபோது இல்லை என்றே வந்திருந்தது. எல்லோருக்கும் அறிகுறி இலேசாக இருந்தது, அல்லது இருக்கவே இல்லை. அதாவது காசேட்டில் வராத கடன் இது.

இன்னும் இரண்டு விடயம். வீட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தால் பிள்ளைக்கு வந்திருக்கும் வாய்ப்பு பல மடங்கு. சிறுபான்மை இனத்தவர் என்று தம்மைக் குறிப்பிட்ட குடும்பங்களின் பிள்ளைகளில் தொற்று மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் தோலோ எங்கள் இரத்தமோ அதற்குக் காரணம் என்று யாரும் எண்ண வேண்டாம். யார் என்ன வேலைக்குப் போகிறார், எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார், நோய் வந்தால் சம்பளத்தோடு லீவு உண்டா என்பவைதான் அந்த இரண்டு மடங்குக்குள் ஒளிந்திருக்கின்றன.

வீட்டு அறைகளை எதற்கு எண்ணுகிறார்கள்?

தொலைபேசியில் பேசிய அம்மாவின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. இரத்தம் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதைக் கேள்விக்கொத்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, வேலைக்கு எதில் போகிறீர்கள், நேற்று எத்தனை பேரோடு நெருங்கிப் பேசினீர்கள், தடுப்பூசியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதெல்லாம் வம்புக் கேள்விகள் அல்ல. ஒரு பழக்கத்துக்கும் ஒரு தொற்றுக்கும் இடையில் கோடு போடுவதற்கான புள்ளிகள்.

உதாரணத்துக்கு, லவால் பல்கலைக்கழகம் கியூபெக்கில் 'கொனெக்ட்' என்றொரு ஆய்வைக் கொரோனாவுக்கு முன்னரே, 2018-2019 இல் நடத்தியிருந்தது. ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரைச் சந்திக்கிறார் என்று கேட்ட ஆய்வு. 2020 இல் அதையே திரும்பவும் கேட்டபோது, சந்திப்புகள் பாதிக்கும் கீழே விழுந்திருந்தன. முன்னைய கணக்கு இருந்தபடியால்தான் பின்னையதை ஒப்பிட முடிந்தது. முந்திய ஆண்டின் ஐந்தொகை இல்லாமல் இந்த ஆண்டின் இலாப நட்டத்தைப் பேச முடியாது என்பது போல. ஆனால் அது சராசரி. வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்தவருக்கும், முதியோர் இல்லத்தில் ஒரு நாளில் பதினைந்து பேரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட்டவருக்கும் சேர்த்து எடுத்த சராசரி. இரண்டாமவர் பதில் சொல்லாவிட்டால் சராசரி இன்னும் அழகாகத் தெரியும். அழகாகத் தெரியும் கணக்கு எப்போதும் நல்ல கணக்கு அல்ல.

கேள்விக்கொத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. "கை கழுவுவீர்களா?" என்றால் யார் இல்லை என்பார்? நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. அதனால்தான் நல்ல ஆய்வுகள் வாய்ச் சொல்லை இரத்தத்தோடு வைத்துப் பார்க்கின்றன. கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் 2007 இல் தொடங்கிய சுகாதார அளவீட்டுக் கணக்கெடுப்பு அப்படியானது. நடமாடும் நிலையத்தில் உயரம், நிறை, இரத்த அழுத்தம், இரத்தம் எல்லாம் அளப்பார்கள். ஈரலைத் தாக்கும் மஞ்சட்காமாலைக் கிருமிகளான பி, சி ஆகியவற்றை இப்படித் தேடியபோது, இரத்தத்தில் அடையாளம் இருந்தவர்களில் பெரும்பகுதியினருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாதிருந்தது. கேள்வி மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் எல்லோரும் "இல்லை" என்று உண்மையாகவே சொல்லியிருப்பார்கள்.

அடிச்சோறு விடுபட்டால்

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் ஆயிரம் வீடுகள். எழுநூறு வசதியான வீடுகள். முந்நூறு நெருக்கமான வாடகை வீடுகள். வசதியான வீடுகளில் நூற்றுக்கு இரண்டில் தொற்று, அதாவது 14 வீடு. நெருக்கமான வீடுகளில் நூற்றுக்குப் பத்தில் தொற்று, அதாவது 30 வீடு. மொத்தம் 44. உண்மையான விடை 4.4 சதவீதம்.

இப்போது நூறு வீடுகளுக்குக் கடிதம் போகிறது. முறைப்படி 70 வசதியான வீடு, 30 நெருக்கமான வீடு. முதல் வகையில் 60 வீடு பதில் போடுகிறது. இரண்டாவது வகையில் வெறும் 6 வீடு. வந்த 66 பதில்களை அப்படியே கூட்டிப் பார்த்தால் விடை ஏறக்குறைய 2.7 சதவீதம். உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் திருடவில்லை. பதில் சொல்லாமல் விட்டதாலேயே காணாமல் போனது.

ஆய்வாளர்கள் இதைத் திருத்த ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பதில் குறைவாக வந்த வகையினருக்குக் கூடுதல் நிறை கொடுப்பார்கள். அந்த 6 வீட்டில் ஒவ்வொன்றும் 50 வீட்டுக்காகப் பேசும். சரிதான். ஆனால் அந்த ஆறு வீடுகள் எவை? பிரெஞ்சு தெரிந்த, கிழமை நாளில் வீட்டில் இருக்கக்கூடிய ஆறாக இருந்தால்? இரண்டு வேலை செய்யும் வீட்டுக்காக, ஒரு வேலைகூடச் செய்யத் தேவையில்லாத வீடு பேசும். நிறை கொடுப்பது ஒரு கட்டுப்போடுதல்தான். காயம் அப்படியே இருக்கும்.

கனடாவே இதை ஒருமுறை பட்டுத் தெளிந்தது. 2011 இல் குடிசன மதிப்பீட்டின் நீண்ட படிவத்தைக் கட்டாயம் இல்லை என்று மாற்றியபோது, 2006 இல் மிக உயர்வாக இருந்த பதில் வீதம் 68.6 ஆக விழுந்தது. பல சிற்றூர்களுக்குக் கணக்கையே வெளியிட முடியாமல் போனது. 2016 இல் மீண்டும் கட்டாயமாக்கினார்கள்.

எங்கள் பக்கத்து உதாரணங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2020 ஒக்ரோபர், நவம்பரில் மாநிலம் முழுவதும் இரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பு நடத்தியபோது 31.5 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. பெரம்பலூரில் பாதிப் பேருக்கு, நீலகிரியில் ஒன்பதில் ஒருவருக்கு. பரிசோதனைப் பட்டியலில் இருந்ததைப் போல முப்பது மடங்குக்கு மேல். இதற்கு எதிர்மாறும் நடந்ததுண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி உள்ளோர் சுமார் 52 இலட்சம் என்று 2006 வரை மதிப்பிட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் குறிப்பிட்ட சில அரச மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு. 2005-06 தேசிய குடும்ப நல ஆய்வில் வீடு வீடாகப் போய் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தைப் பார்த்தபின், 2007 இல் அந்தத் தொகை சுமார் 25 இலட்சமாகத் திருத்தப்பட்டது. கிளினிக் வாசலில் நின்று எண்ணினால் ஒரு நோய் கூடித் தெரியலாம், இன்னொன்று குறைந்து தெரியலாம். வீட்டு வாசலுக்குப் போனால்தான் கணக்கு நேராகும்.

இலங்கைக்கு வருவோம். தாய் சேய் நலம், தடுப்பூசி, போசாக்கு ஆகியவற்றை அளக்கும் குடித்தொகை சுகாதார ஆய்வு அங்கே 1987 இல் தொடங்கியது. 1993 இலும் 2000 இலும் வடக்கு கிழக்கு சேர்க்கப்படவில்லை. 2006-07 இல் கிழக்கு சேர்ந்தது, வடக்கு சேரவில்லை. 2016 இல்தான் எல்லா மாவட்டங்களும் வந்தன. 1981 க்குப் பின் நாடு முழுவதையும் எண்ணிய குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் வன்னியில், யாழ்ப்பாணத்தில் எத்தனை பிள்ளைகள் எடை குறைந்து பிறந்தன, எத்தனை தாய்மார் பேற்றில் இறந்தார்கள் என்பதற்கு 'இலங்கை' என்று அச்சான அட்டவணைகளில் பதில் இல்லை. நாங்கள் கணக்கில் விடுபட்ட சனம். அது எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கிழித்த கடிதம்

இனி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். வானொலியில் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது என்று சில நேயர்கள் கவனித்திருக்கிறார்கள்.

2020 இலையுதிர்காலத்தில் என் இளைய மகளின் பாடசாலையிலிருந்து, பிள்ளையின் விரலில் சில துளி இரத்தம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. வணிகமாணி படித்து, வாழ்நாள் முழுக்க மாதிரிச் சோதனை செய்து பிழைக்கும் நான், அதை இரண்டாய்க் கிழித்துக் குப்பையில் போட்டேன். மகள் "ஏன் அப்பா?" என்று கேட்டாள். "எங்களுக்கு ஏன் இந்தத் தொல்லை? பெயரைக் கொடுத்தால் எங்கே போய் நிற்குமோ" என்றேன்.

அது எங்கிருந்து வந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். 1983 ஆடியில் நாங்கள் கொழும்பில் இருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. ஒழுங்கைக்குள் வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீடு தமிழ் வீடு என்று அவர்கள் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பிறகு அகதி முகாம், கப்பல், காங்கேசன்துறை. அதற்குப் பிறகு பதிவு, குடும்ப அட்டை, ஆள் அடையாள அட்டை, சோதனைச் சாவடி. பட்டியலில் பெயர் இருந்தால் ஆபத்து, இல்லாவிட்டாலும் ஆபத்து. இதை அனுபவித்தவர் கடிதத்தைக் கிழித்தால் அவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2021 தையில் எங்கள் வீடு முழுவதும் படுத்தது. மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவர். முதலில் அவர், பிறகு நான், பிறகு எண்பது வயதான மாமி. மகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அவளுக்கு முன்பே வந்து போய்விட்டதா, அல்லது வரவே இல்லையா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மாமி மூன்று கிழமை வைத்தியசாலையில் இருந்து, கடவுள் புண்ணியத்தில் திரும்பி வந்தார். 'என்கோர்' ஆய்வின் முடிவு வெளியானபோது அதை உட்கார்ந்து வாசித்தேன். பராமரிப்பு வேலைக்குப் போகும் தாய், நெருக்கமான வீடு, அறிகுறி இல்லாத பிள்ளை. எங்கள் வீட்டை அப்படியே எழுதியது போல இருந்தது. ஆனால் அந்த 1,632 பேரில் என் மகள் இல்லை. எங்கள் வீட்டுக்காக வேறு யாரோ ஒரு வீடு பேசியிருக்கிறது. அந்த வீட்டாருக்கு என் நன்றி.

கடிதம் வந்தால் என்ன செய்வது?

வாக்காளர் இடாப்புக்கும் சுகாதாரக் கணக்கெடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளுங்கள். இடாப்புக்குத் தேவை உங்கள் பெயர். கணக்கெடுப்புக்குத் தேவை எண்ணிக்கை. ஆளைத் தேடிப்பிடிக்கத்தான் பெயர் வேண்டும். விடையைக் கூட்டத் தொடங்கியதும் பெயரால் பயன் இல்லை.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்காளன் கேள்வி கேட்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது. இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, யார் நடத்துகிறார்கள்? கனடாப் புள்ளிவிபரத் திணைக்களமா, கியூபெக் புள்ளிவிபர நிறுவனமா, பல்கலைக்கழகமா? தொலைபேசியில் ஒருவர் சொல்வதை மட்டும் நம்பாமல், அந்த நிறுவனத்தின் பொது இலக்கத்தை நீங்களே தேடி எடுத்து, அப்படியொரு கணக்கெடுப்பு உண்டா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வங்கிக் கணக்கு, கடனட்டை இலக்கங்கள் சுகாதாரக் கணக்கெடுப்புக்குத் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி, தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கட்டாயமா, விருப்பமா? குடிசன மதிப்பீடு சட்டப்படி கட்டாயம். மறுத்தால் 500 டொலர் வரை தண்டம் உண்டு, சிறை இல்லை. சுகாதாரக் கணக்கெடுப்புகள் பொதுவாக விருப்பத்துக்குரியவை. பிடிக்காத கேள்வியைத் தாண்டலாம், இடையிலும் நிறுத்தலாம்.

மூன்றாவது, விடைகள் யாரிடம் போகும்? கனடாப் புள்ளிவிபரச் சட்டம், ஆளை அடையாளம் காட்டும் தகவலைப் பொலிசுக்கோ, குடிவரவுத் திணைக்களத்துக்கோ, வரித் திணைக்களத்துக்கோ கொடுப்பதைத் தடை செய்கிறது. அதை மீறும் ஊழியருக்குத் தண்டனை உண்டு. பல்கலைக்கழக ஆய்வு என்றால் அதை ஓர் ஆய்வு நெறிக் குழு அனுமதித்திருக்க வேண்டும். சம்மதப் பத்திரத்தில் அந்த விபரம் இருக்கும். மருத்துவ அட்டை இலக்கத்தைக் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். அதைக் கொடுக்காமலும் மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம்.

நான்காவது, மொழி. படிவம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும்தான் வருவது வழக்கம். 2021 குடிசன மதிப்பீட்டின் கேள்விகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தது. கேட்டால்தான் கிடைக்கும். பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்லலாம், ஆனால் சில கேள்விகளுக்குப் பிள்ளையின் முன் உண்மை சொல்வது கடினம். அப்போது உங்கள் வயதை ஒத்த ஒருவரின் உதவியைக் கேளுங்கள்.

ஐந்தாவது, உண்மையைச் சொல்லுங்கள். இரண்டு அறையில் ஏழு பேர் என்றால் ஏழு என்றே சொல்லுங்கள். வெட்கப்பட்டு நான்கு என்றால், அடுத்த முறை தடுப்பூசி நிலையமோ நடமாடும் பேருந்தோ எங்கள் தெருவுக்கு வருவதற்கான காரணத்தை நாங்களே அழித்துவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று. கணக்கெடுப்பு எல்லாவற்றையும் தீர்க்காது. மொன்ட்ரியால்-நோரில் வாடகை கூடிய, அறை குறைந்த வீடுகள் என்று எண்ணிச் சொன்னால் மட்டும் வீடு பெரிதாகாது. எண்ணிய பின்னும் செய்யாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எண்ணாமல் விட்டால், செய்யவில்லையே என்று கேட்பதற்கு எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

தொலைபேசியில் பேசிய அம்மாவை நிகழ்ச்சி முடிந்ததும் அழைத்தேன். "தம்பி, கேட்டனான். கடிதத்தைக் கிழிக்கேல்ல. பிறிட்ஜில காந்தம் வைச்சு ஒட்டியிருக்கிறன். ஆனா அந்த இலக்கத்தை மகளைக் கொண்டு விசாரிச்சுப்போட்டுத்தான் பதில் சொல்லுவன்" என்றார். ஒரு கணக்காளனுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

உங்கள் வீட்டுக்கும் அப்படியொரு கடிதம் வந்திருந்தால், விளங்காத இடம் இருந்தால், ஞாயிறு மாலை நிகழ்ச்சியின்போது அழையுங்கள். சேர்ந்து வாசிப்போம்.